எட்டா, ஒன்பதா

நவி மும்பை
9 ஜூன் 2025

அக்காவுக்கு,

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்து மூன்றரை வருடமாகிறது. அம்மாவிடம் பேசும்போது பின்னால் உன் குரல் கேட்கும். குக்கரை இறக்கச் சொல்வாய், துணி எடுக்கச் சொல்வாய். அவ்வளவுதான் உன்னைப் பற்றி எனக்குத் தெரிவது. தபாலைத் தடுக்க முடியாதே என்று இதை எழுதுகிறேன். கிழிப்பதென்றால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

அப்பாவின் வெள்ளி ரூபாயைப் பற்றி ஒரு விஷயம். ராமதாஸ் மாமாவின் படகு கவிழ்ந்து, பதினோராம் நாள் காட்டுப்பள்ளிப் பக்கம் அப்பா கரை ஒதுங்கியபோது கழுத்தில் கிடந்த அதே டாலர்தான். ஏழாம் நாள் பூசை முடிந்து நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன், நீ கேட்டாய், நான் தரவில்லை. அடக்கத்துக்கு வராதவனுக்கு அது எதற்கு என்றாய். அன்று ஆரம்பித்ததுதானே எல்லாம்.

அது இன்றும் வந்தபடியேதான் இருக்கிறது. எண்ணூர்ச் சேற்றின் கறுப்பு போகவில்லை. பின்பக்கம் வருடத்தின் மேல் ஒரு சொட்டுப் பசை உறைந்து கிடக்கிறது. பைபர் படகில் ஓட்டை அடைப்பார்களே, அந்தப் பசை. 193 வரை தெரிகிறது. கடைசி எண் பசைக்கு அடியில் இருக்கிறது.

போன மாதம் எங்கள் கண்டெய்னர் யார்டில் வேலை செய்யும் கலீலுல்லா அதைப் பார்த்தார். பழைய காசு சேர்ப்பவர். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயில் முப்பதுகளைச் சேர்ந்தவை இரண்டே வருடம்தானாம், 38, 39. முப்பத்தெட்டு என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும். முப்பத்தொன்பது என்றால் நாடு முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். டாலராக்க ஒட்ட வைத்த வளையமும் கறுப்பும் சேதம்தான், ஆனாலும் அரிதானது அரிதானதுதான் என்கிறார்.

பசையை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கைதேர்ந்த ஆளை வைத்துத்தான். ஒன்பதாக இருந்தால் முறையாக ஆய்வுக்கு அனுப்பலாம். அசல்தான் என்று சான்று எழுதி, கண்ணாடிபோன்ற பெட்டிக்குள் சீல் வைத்துத் தருவார்களாம்.

உன்னைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

பிராங்கிளின்

*

இராயபுரம்
18 ஜூன் 2025

பிராங்கிளினுக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

ரூபாயை அப்படியே விடு. உனக்கு வேண்டாமென்றால் பதிவுத் தபாலில் அம்மா பெயருக்கு அனுப்பு. அப்பாவோடு பதினோரு நாள் கடலில் கிடந்த பொருள் அது. அதன்மேல் இருக்கும் கறுப்பும் அவரோடு கிடந்ததுதான். அதைச் சுரண்டி, பளபளவென்று ஆக்கி, பெட்டிக்குள் போட்டு, யார் கண்ணுக்குக் காட்டப் போகிறாய்?

நான் இப்போது சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக் கடையில் பில் போடுகிறேன். துருப்பிடித்த கம்பியைத் தேய்த்துத் தேய்த்து எடைக்குப் போடுவதைத் தினமும் பார்க்கிறேன். தேய்த்தால் துரு மட்டும் போவதில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். ஞாயிறுதோறும் பூசை முடிந்து கல்லறைக்குப் போகிறாள். சிலுவையைத் துடைக்கிறாள். அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டாம்.

ஜானட்

*

நவி மும்பை
27 ஜூன் 2025

அக்கா,

நீ பதில் எழுதியதே பெரிது. ஆனால் நீ சொல்வதை உடனே ஏற்க முடியவில்லை. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நான் இங்கே கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை வந்தது உனக்குத் தெரியும். என்ன பேசினேன் என்று தெரியாது. நீ சர்ச்சுக்குப் போயிருந்தாய். அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே, "போற எடத்துல ஒன்னிய யாருக்குடா தெரியும், இங்க இருந்தா அருள்பிரகாசம் மவன்னாவது சொல்வாங்க" என்றார். நான் அவர் கழுத்தைக் காட்டி, "அருள்பிரகாசம்னா யாரு, கழுத்துல ஒரு ரூபா, உன் மொத்த வெலையும் அவ்ளோதான்" என்றேன். அவர் திட்டவில்லை. டாலரை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஏழு மாதம் உயிரோடு இருந்தார். போனில் பேசுவார், சாப்பிட்டாயா என்பார். நான் மன்னிப்பு கேட்கவில்லை. புயல் வந்துவிட்டது. திரும்பி வந்துவிடுவார் என்று இங்கேயே காத்திருந்தேன், உடல் கிடைத்த சேதி வந்தபோது வெள்ளத்தில் ரயில் ஓடவில்லை. நான் வந்து சேர்ந்தபோது மண் போட்டு மூன்று நாளாகியிருந்தது.

ஒரு ரூபாய் மனிதன் என்று நான் சொன்னதைப் பொய்யென்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், அக்கா. அதற்காகத்தான். விற்க மாட்டேன்.

கலீலுல்லா என்னை யசோதரா என்ற அம்மாளிடம் அழைத்துப் போனார். அருங்காட்சியகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரூபாயைக் கையில் வாங்காமல், துணி விரித்து அதன்மேல் வைக்கச் சொன்னார். "இதுவரை என்ன செய்தாய்?" என்று முதலில் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். நல்ல வேளை என்றார். புளி, எலுமிச்சை, பல்பொடி என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் வெள்ளியின் தோல் உரிந்துபோகுமாம், பிறகு எந்த ஆய்வாளரும் அதை மதிக்க மாட்டாராம். கறுப்பை அவர் தொட மாட்டார். வளையத்தையும் கழற்ற மாட்டார், கழற்றினால் தழும்பு இன்னும் பெரிதாகும். பசையை மட்டும் ஊறவைத்து இளக்கி எடுக்கலாம். அப்படி எடுத்து அனுப்பினாலும் தர எண் கிடைக்காது, 'அசல், சேதமுற்றது' என்றுதான் எழுதுவார்கள். எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய போலிகள் நிறைய உலவுவதால் அந்த 'அசல்' என்ற ஒரு சொல்லே பெரிது என்றார்.

"பசையும் இதன் வாழ்க்கையில் ஒரு பகுதிதான். எடுத்தால் திரும்ப வைக்க முடியாது. வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால் கேட்கிறேன். இன்னொன்றும் கேட்கிறேன். நீ எப்போதும் அப்பாவோடு இருந்தவள். அவர் ரூபாயில் எந்த வருடம் என்று ஞாபகம் இருக்கிறதா?

பிராங்கிளின்

*

இராயபுரம்
7 ஜூலை 2025

தம்பிக்கு,

நீ அப்பாவிடம் சொன்னதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. வீட்டில் எல்லோரிடமும் "எம் புள்ள ஆபீசர் மாறி கீறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நினைத்து நீ உருகாதே.

வருடம் ஞாபகம் இல்லை.

பசையை எடுக்க வேண்டாம். காரணம் கேட்காதே. நான் உன்னோடு பேசாமல் இருந்தது தப்புதான், இனிமேல் பேசுகிறேன். உன் எண்ணைத் திறந்துவிடுகிறேன். ஆடியில் லீவு போட்டு வா, அம்மா வஞ்சிரம் பொரித்து வைப்பாள். இதை மட்டும் செய்யாதே. அம்மாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே.

உனக்கு அப்பாமேல் அன்பு இருந்தால் அந்தப் பசை இருக்கட்டும்.

ஜானட்

*

நவி மும்பை
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நீ திட்டுவாய். திட்டு. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நீ இன்னும் என் எண்ணைத் திறக்கவில்லை. அதனால் இதையும் தபாலில்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

எடுத்துவிட்டோம். உன் கடிதம் வந்து ஒரு வாரம் சும்மா இருந்தேன். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்கிறாய், பழைய கோபத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன். வீட்டில் சம்மதம் என்று யசோதரா அம்மாளிடம் பொய் சொன்னேன்.

ஆறு நாள் ஊறியது. தினமும் வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் பசையின் ஓரம் வெளுத்தது. ஆறாம் நாள் மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பினார். உலோகத்தால் தொடவே இல்லை. ஒரு பருப்பு அளவுக்கு அப்படியே கழன்று வந்தது. அதன் அடியில் இருந்த இடம் மட்டும் கறுக்காமல் வெள்ளையாக இருந்தது.

ஒன்பது, அக்கா.

பெரிய லென்ஸ் வைத்து அரைமணி நேரம் பார்த்தார். சுரண்டியதில்லை, சேர்த்ததில்லை, அச்சில் விழுந்த ஒன்பது என்றார். கலீலுல்லா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. நம் அப்பா கழுத்தில் இவ்வளவு நாளும் அது தொங்கியிருக்கிறது, நம் யாருக்கும் தெரியவில்லை.

ஆய்வுக்கு அனுப்பும் படிவம் வாங்கிவிட்டேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதலாமென்று இருக்கிறேன். அடைக்கலமேரி, க/பெ அருள்பிரகாசம். நீ சரி என்று சொன்னதும் அனுப்புகிறேன்.

பிராங்கி

*

இராயபுரம்
12 ஆகஸ்ட் 2025

பிராங்கி,

படிவத்தை அனுப்பாதே. உட்கார்ந்து படி.

அப்பாவின் ரூபாயில் வருடம் 1938. ஞாபகம் இல்லை என்று உன்னிடம் பொய் சொன்னேன். எனக்கு எண் எழுதச் சொல்லித் தந்ததே அந்த ரூபாயை வைத்துத்தான். எனக்கு எட்டு போட வராது. இரண்டு சுழியைத் தனித்தனியாகப் போட்டு ஒட்டவைப்பேன். அப்பா டாலரைக் கழற்றிக் கையில் கொடுத்து, "இத்த மாறி, கையெடுக்காம ஒரே கோட்ல போடு" என்பார். அந்த எட்டின்மேல் விரலை வைத்து எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். அது எட்டுதான், தம்பி.

நீ கையில் வைத்திருப்பது அப்பாவுடையது இல்லை.

ராமதாஸ் மாமா கழுத்திலும் ஒரு வெள்ளி ரூபாய் உண்டு. இரண்டு பேரும் ஒரே படகில்தான் போனார்கள், கிடைத்தது ஒரு உடல்தான்.

அந்தப் பதினோரு நாளும் அம்மா காசிமேட்டுக் கரையை விட்டு வரவில்லை. பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்காமல் சுருண்டு கிடந்தாள். டாக்டர் இன்னும் இரண்டு நாள் தாங்காது என்றார். அப்போதுதான் போலீசில் கூப்பிட்டார்கள். முதலில் முகத்துவாரக்குப்பத்திலிருந்து மாமாவின் மனைவி மங்கை அத்தையைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "எங்க வூட்டுக்காரர் இல்ல" என்று சொல்லிவிட்டு நேராக நடந்து போய்விட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நான் உள்ளே போனேன்.

முகம் இல்லை. உனக்கு அதற்குமேல் எழுத மாட்டேன். கழுத்தில் ரூபாய் இருந்தது, அதன்மேல் பசை. அப்பா கிளம்பிய அன்று குனிந்து கஞ்சி குடிக்கும்போது அது வெளியே தொங்கியது. அதில் பசை இல்லை. ஒருவேளை படகில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாமா இல்லையென்று மாமாவின் மனைவியே சொன்னபிறகு, மிச்சம் அப்பாதானே என்றும் நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர், சந்தேகம் இருந்தால் டி.என்.ஏ. பார்க்கலாம், மாதக்கணக்கில் ஆகும் என்றார். எனக்குச் சந்தேகம் இருந்தது. இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் அம்மா அழுதாள், அழுது முடித்துக் கஞ்சி குடித்தாள்.

பசை இருக்கும்வரை அது எட்டுதான் என்று வைத்துக்கொண்டு மூன்றரை வருடம் ஓட்டினேன். அதை நீ எடுத்துப் போனதற்கு ஏன் அத்தனை சண்டை போட்டேன் என்று இப்போது புரியும். நீ சுத்தம் செய்துவிடுவாயோ என்று அன்றைக்கே பயம்.

ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்பது எட்டிலிருந்து சுரண்டியதாக இருக்கக் கூடாதா? போலிகள் நிறைய என்று அந்த அம்மாளே சொன்னார் என்று எழுதியிருந்தாயே. இன்னொரு முறை பார்க்கச் சொல். வேண்டுமானால் ஆய்வுக்கே அனுப்பு. போலி என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும் எனக்கு.

ஜானட்

*

நவி மும்பை
21 ஆகஸ்ட் 2025

அக்கா,

மறுபடியும் போனேன். கேட்டேன். போலியாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு வரும் முதல் ஆள் நான்தான் என்றார் யசோதரா அம்மாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு மறுபடி லென்ஸை எடுத்தார். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லென்ஸை வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதன் மேல் பசை உறைந்து கிடந்தபோது யாரும் எண்ணைத் திருத்தியிருக்க முடியாது, அதற்கு முன்பும் திருத்தியதற்கான அடையாளம் இல்லை. அசல்தான்.

கழன்ற பசையைக் கேட்டேன். அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பேன். ஆனால் இங்கே யார்டில் வண்டியை ஓட்டும்போது திடீரென்று நிறுத்திவிடுகிறேன். ஹாரன் அடிக்கிறார்கள். அப்பா எங்கே இருக்கிறார் என்று மூன்றரை வருடமாக எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது வரிசை, வேப்பமரத்துக்குப் பக்கம். இப்போது எங்கே என்று தெரியவில்லை. நான் அவரிடம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு அந்த மண்ணில் முகம் வைத்து அழுதேனே, அதை ராமதாஸ் மாமாதான் கேட்டிருக்கிறார்.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். உரிமையாளர் பெயரில் யாரை எழுதுவது? இது மங்கை அத்தையின் பொருள். பதிவுத் தபாலில் உனக்கு அனுப்புகிறேன். சான்று வாங்குவதா, விற்பதா, வைத்துக்கொள்வதா, அவர்தான் சொல்ல வேண்டும். உனக்கு நேரில் போகத் தைரியம் இல்லையென்றால் சொல், நான் வருகிறேன்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

பிராங்கிளின்

*

இராயபுரம்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள பிராங்கி,

பார்சல் வந்தது. போன சனிக்கிழமை நான் மட்டும் எண்ணூருக்குப் போனேன். பஸ்ஸில் மூன்று முறை இறங்கிவிடப் பார்த்தேன்.

மங்கை அத்தை திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய பொட்டு. மாமா காணாமல் போனவர் கணக்கில்தான் இன்னும் இருக்கிறார், அதனால் அரசு நிவாரணமும் இல்லை, விதவைப் பென்ஷனும் இல்லை. மாமா அலையில் ஒதுங்கி ஏதோ ஒரு நாட்டு ஜெயிலில் இருக்கிறார் என்றுதான் குப்பத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

"இன்னா ஜானட்டு, வழி தெரிஞ்சிச்சா ஒனக்கு" என்றார். டீ போடப் போனவரை நிறுத்தி ரூபாயைக் கையில் வைத்தேன். தலைப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். கட்டை விரலால் வருடத்தைத் தடவினார்.

"பசை எங்க?" என்று கேட்டார்.

"எடுத்துட்டாங்க அத்தை" என்றேன்.

"அத்த ஏன் எடுத்தீங்க. அது என் கைலேர்ந்து சிந்துனது. போட்டுல ஓட்டை அடைக்க சொல்லோ நான் டப்பாவ புடிச்சிகினு இருந்தேன், அவரு குனிஞ்சாரு, டாலர் மேல சொட்டிச்சி. தொடைக்கறேன்னேன். வுடு, காஞ்சா தானா வுயும்னாரு."

நான் கேட்டேன். "அப்போ அன்னிக்கு உள்ள போனப்போ?"

"தெரிஞ்சிச்சி. பாத்ததும் தெரிஞ்சிச்சி."

"ஏன் அத்தை இல்லன்னு சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இல்லன்னு வந்துச்சி. வெளிய வந்து கொஞ்ச தூரம் நடந்துட்டு, திரும்பிப் போயி சொல்லிடலாம்னு வந்தேன். அதுக்குள்ள நீ எங்கப்பான்னு கையெழுத்து போட்டுகினு இருந்த. சரி, ஒங்களாலயாச்சும் அவருக்கு ஒரு குழி கெடைக்கட்டும்னு வாய மூடிக்கினேன்."

"தெரிஞ்சும் காத்துகினு இருக்கீங்களே" என்றேன்.

"தெரிஞ்சது வேற, காத்துகினு கீறது வேற" என்றார்.

காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். ரூபாயைப் பற்றி எல்லாம் சொன்னேன். அரிதானது, அசல், சான்று வாங்கினால் நல்ல விலை போகும், எல்லாம் உங்களுடையது, நிவாரணமாக எங்களுக்கு வந்ததும் உங்களுடையது என்றேன். கேட்டுவிட்டு ரூபாயை என் பர்ஸில் அவரே போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"வர தை மாசம் எம் பொண்ணு சௌமியாவுக்குக் கலியாணம். பத்திரிகைல அவங்கப்பா பேரு போடுவாங்க. பேருக்கு முன்னால அமரர்னு போட வுட மாட்டேன். இத்த நான் வாங்குனேன்னா போட்டுதான் ஆவணும். காசும் வேணாம், காயிதமும் வேணாம். நீயும் எதையும் மாத்தி எழுதிக் குடுக்காத. அந்த குழியத் தோண்டாதீங்க."

வாசல்வரை வந்தார். நான் செருப்புப் போடும்போது, "நீங்க வாரா வாரம் மெழுகுவத்தி வெப்பீங்க இல்ல. ஒண்ணு சேத்து வையி. பேரு சொல்லாத" என்றார்.

அவ்வளவுதான் தம்பி. ஆய்வுக்கு அனுப்ப ஒரு பெயர் இல்லாததால் ரூபாய் என் பீரோவில் கிடக்கிறது. அதை எடுத்துப் பார்க்க முடியவில்லை. நாம் போய் உண்மையைச் சொன்னால் யாருக்காவது ஏதாவது திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தேன். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கையிலிருந்து சிந்திய பசையும் போனதுதான் மிச்சம். நமக்கு அப்பா போய்விட்டார்.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவோடு கல்லறைக்குப் போனேன். அம்மா சிலுவையைத் துடைத்து, அருள்பிரகாசம் என்ற எழுத்தில் இருந்த மண்ணை நகத்தால் எடுத்தாள். இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இன்னொன்று யாருக்கு என்று கேட்டாள். கடலில் போய்க் கல்லறை கிடைக்காதவர்களுக்கு என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அம்மா காற்றுக்குக் கையை அணைவாக வைத்து அது அணையாமல் பார்த்துக்கொண்டாள். "பாவம், யாரு வூட்டு ஆம்பளைங்களோ" என்றாள். "நம்ம வூட்டு மனுசனாச்சும் கெடச்சாரு. மாதாவுக்கு தோஸ்திரம்." நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நானும் போட்டுக்கொண்டேன். 

அக்கா